நெட்வேர்க் ஐசிக்குள் ஆசனிக்: போன் திருத்தும் தம்பிக்குப் பதில்

கேள்வி: ஐயா, கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நெட்வேர்க் வராத போன்களில், சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பவர் அம்பிளிஃபயர் ஐசியை ஹொட் எயார் அடித்துக் கழற்றுவது, வராவிட்டால் சின்னக் கிரைண்டரால் அராவி எடுப்பது எல்லாம் நாளாந்த வேலை. கனடாவிலிருந்து வந்த ஒருவர், அந்த ஐசிக்குள் இருப்பது கலியம் ஆசனைட், அது ஆசனிக் நஞ்சு, புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நிம்மதியில்லை. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி, பின்னேரங்களில் கடைக்கு வந்து கணக்குப் பார்ப்பவர். இன்னொன்று, மச்சானும் நானும் பழுதான போன் போட்டுகள் (சர்க்கிட் பலகைகள்) இரண்டு உரப்பை சேர்த்து வைத்திருக்கிறோம். எரித்து அசிட்டில் போட்டால் தங்கம் எடுக்கலாம் என்று அவர் வீடியோ காட்டுகிறார். போன மாதம் வளவுக்குள், கிணற்றடிக்குக் கிட்ட, பத்துப் போட்டை எரித்து அசிட்டில் போட்டுப் பார்த்தார். செம்மண்ணிறப் புகை கிளம்பியதால் பயந்து நிறுத்திவிட்டோம். அந்தத் தண்ணி இன்னும் பிளாஸ்டிக் கானில் இருக்கிறது. இதில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை?

பதில்: தம்பி, ஐசியைப் பற்றிப் பிறகு கதைப்போம், முதலில் அந்தக் கான். அதற்குள் ஒன்றும் போடாதீர்கள். இரும்பாணி, நாகத்தகடு (சிங்க்), அலுமினியத் தாள் எதுவுமே வேண்டாம். மச்சானிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர் பார்க்கிற வீடியோக்களில் அடுத்து வருவது பெரும்பாலும் அதுதான். கரைந்த தங்கத்தைத் திரும்பப் படிய வைக்க ஏதாவது ஒரு உலோகத்தை உள்ளே போடு என்பார்கள். ஆசனிக் கரைந்திருக்கிற அமிலத்துக்குள் நாகமோ அலுமினியமோ விழுந்தால், அங்கே பிறக்கிற ஐதரசன் ஆசனிக்கைப் பிடித்துக்கொண்டு ஆசீன் என்ற வாயுவாக வெளியே வரும். 1836 இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், நஞ்சூட்டிக் கொல்லப்பட்டவர்களின் உடலில் ஆசனிக்கைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையை உருவாக்கினார். சந்தேகப்படும் பொருளோடு நாகமும் அமிலமும் சேர்த்து, வருகிற வாயுவைச் சூடாக்கினால் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். உங்கள் மச்சான் செய்யப் போவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக அவருடைய மூக்கு இருக்கும். அதற்கு இருபது வருசம் முந்தி, 1815 இல், கேலன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்த வாயுவை ஆராயும்போது சுவாசித்து இறந்துபோனார். விசயம் தெரிந்த ஆளுக்கே அந்தக் கதி.

ஆசீன் ஏன் இவ்வளவு பொல்லாதது என்றால், அது உடனே ஒன்றும் செய்வதில்லை. கண் எரியாது, தொண்டை கரகரக்காது, நிறமும் இல்லை. உள்ளி மணம் இலேசாக வரும் என்பார்கள், ஆனால் மணம் தெரிகிற அளவே சுமார் 0.5 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் அரைப் பங்கு. வேலைத்தளங்களில் எட்டு மணி நேரத்துக்கு அமெரிக்கா அனுமதிக்கிற அளவோ 0.05 பிபிஎம். மணம் வரும்போதே எல்லையைப் போலப் பத்து மடங்கில் நிற்கிறீர்கள். சுவாசித்து இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலையிடி, வாந்தி, வயிற்று நோ, அப்புறம் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். இரத்தத்தின் செங்கலங்கள் உடைந்து அவற்றின் சிவப்புப் பொருள் சிறுநீரில் கலப்பதால் வருவது அது, சிறுநீரகத்தையும் அது அடைக்கும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது, இரத்தம் மாற்றி ஏற்றுவதும் டயாலிசிஸும்தான் வழி. கொரோனாக் காலத்து மாஸ்க் எதுவும் வாயுவைத் தடுக்காது. அசிட் வேலை செய்த யாருக்காவது சிறுநீர் அப்படிப் போனால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, அசிட்டில் என்ன கரைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வைத்தியர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

பத்துப் போட்டில் அப்படி என்ன பெரிய ஆசனிக் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கணக்குப் போடுவோம். ஒரு பவர் அம்பிளிஃபயருக்குள் இருக்கிற கலியம் ஆசனைட் சில்லு (சிப்) ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் சதுரம், பத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு என்று வையுங்கள். நிறை அரை மில்லிகிராம் வரும், அதில் பாதிக்குச் சற்று மேல் ஆசனிக். ஒரு போட்டில் அப்படி நாலு சில்லு என்றால் ஒரு மில்லிகிராம், பத்துப் போட்டுக்குப் பத்து மில்லிகிராம். அது முழுவதும் ஆசீனாகி ஒரு கன மீற்றர் காற்றுக்குள் நின்றால் 3 பிபிஎம் அளவு வரும், உடனடி உயிராபத்து என்று தொழிற் பாதுகாப்பில் எழுதி வைத்திருக்கிற எல்லை அதுதான். நடைமுறையில் முழுவதும் மாறாது, வெட்டவெளியில் காற்றும் கலைத்துவிடும். ஆனால் உங்களிடம் இருப்பது பத்துப் போட்டு இல்லையே, இரண்டு உரப்பை. மழைக்குப் பயந்து கொட்டிலுக்குள் வைத்துச் செய்தால் கணக்கு வேறு மாதிரிப் போகும்.

போன மாதம் வந்த செம்மண்ணிறப் புகை ஆசீன் இல்லை. அது நைத்திரிக் அமிலத்திலிருந்து வரும் நைதரசன் ஈரொட்சைட்டு. அதுவும் லேசுப்பட்டதில்லை, அன்றைக்கு இருமலோடு போய்விட்டது போலத் தெரியும், பல மணி நேரம் கழித்து நுரையீரலுக்குள் நீர் கோர்க்கும். சிலருக்கு அது மாறிப்போய், சில கிழமைகள் கழித்து மூச்சுத்திணறல் திரும்ப வருவதுண்டு. மச்சானுக்கு இப்போது புதிதாக இருமலோ இளைப்போ இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டி, இந்தப் புகையைச் சுவாசித்த கதையை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கானை இருக்கிற பிளாஸ்டிக்கிலேயே விடுங்கள். மூடியை இறுக்காமல், ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் நிமிர்த்தி வைத்து, நிழலில், கிணற்றுக்கும் சமையலுக்கும் தூரமாக, பிள்ளைகள், ஆடு, கோழி எட்டாத இடத்தில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சுண்ணாம்பு போட்டு முறிக்கலாமா என்று நினைப்பீர்கள், வேண்டாம், பொங்கி மேலே தெறிக்கும். பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன, ஆய்வுகூடம் நடத்துகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கழிவை என்ன செய்வது என்ற பழக்கம் இருக்கும், அங்கேயும் விசாரிக்கலாம்.

சரி, இப்போது உங்கள் ஐசி. அந்தக் கனடாக்காரர் சொன்னதில் பாதி சரி. நெட்வேர்க் பகுதியின் பவர் அம்பிளிஃபயர்கள் பெரும்பாலும் கலியம் ஆசனைட்தான், ஏனென்றால் அதிக அதிர்வெண்ணில் இலத்திரன்கள் சிலிக்கனை விட அதில் வேகமாக ஓடும். ரிவி ரிமோட்டின் முன்னால் இருக்கிற அகச்சிவப்புக் குமிழிலும், முகத்தைப் பார்த்துத் திறக்கிற சில போன்களின் லேசரிலும் இருப்பது அந்தக் குடும்பம்தான். சீபியு, மெமரி எல்லாம் சிலிக்கன். வீட்டு வெள்ளை எல்ஈடி பல்புகளில் இருப்பது கலியம் நைத்திரைட்டு, அதில் ஆசனிக் இல்லை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் ஆசனிக் உள்ளே இருக்கிறது என்பதும் ஆசனிக் உங்களுக்குள் போகிறது என்பதும் ஒன்றில்லை. ஆனையிறவு உப்பை நாங்கள் காலங்காலமாகச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டோம். அதே உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சித்தான் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் குளோரீன் வாயுவும் கோஸ்டிக் சோடாவும் எடுத்தார்கள், எண்பதுகளில் சண்டையோடு அது நின்றுபோகும்வரை. உங்கள் அப்பா வயதுக்காரரிடம் கேட்டால் அந்தக் குளோரீன் மணத்தைப் பற்றிச் சொல்வார். கலியம் ஆசனைட்டும் அப்படித்தான், கலியமும் ஆசனிக்கும் இறுகப் பிணைந்த பளிங்கு, உருக 1238 பாகை செல்சியஸ் வேண்டும், தண்ணீரில் சும்மா கரையாது. சுமார் 600 பாகைக்கு மேல்தான் அதிலிருந்து ஆசனிக் கழன்று ஆவியாகத் தொடங்கும். உங்கள் ஹொட் எயார் 350, மிஞ்சினால் 400. அதற்கு மேலே கறுப்புப் பிசின் வேறு மூடியிருக்கிறது. ஆகவே ஐசியைக் கழற்றி மாற்றுவதால் ஆசனிக் வராது, நிம்மதியாகச் செய்யுங்கள்.

கிரைண்டருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. 2006 இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கலியம் ஆசனைட்டை முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்ற தொகுதியில் போட்டது. எலிகளை இரண்டு வருசம் நுண்தூளைச் சுவாசிக்க விட்ட அமெரிக்க ஆய்வில் பெண் எலிகளுக்கு நுரையீரல் கட்டி வந்தது, ஆண் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் அப்படித் தெளிவாக வரவில்லை. முடிவெடுத்தவர்கள், உடலுக்குள் போன தூள் கொஞ்சமாவது கரைந்து ஆசனிக்கை விடுகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். அந்த முடிவு அளவுக்கு மிஞ்சியது என்று வாதாடுகிற ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சண்டை முடியும்வரை காத்திருந்து தூளைச் சுவாசிக்கத் தேவையில்லை. கணக்கைப் பாருங்கள்: ஒரு சில்லு முழுவதையும் தூளாக்கி, அது முழுவதையும் ஒரே வேலைநாளில் நீங்கள் சுவாசித்தால், எட்டு மணி நேரத்தில் உள்ளே போகிற சுமார் 10 கன மீற்றர் காற்றுக்கு, கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராம் ஆசனிக். அமெரிக்க வேலைத்தள எல்லை 10. உண்மையில் தூளில் பெரும்பகுதி மேசையில்தான் விழும், நுரையீரல்வரை போவது சிறு பங்கு. ஆனாலும் மூக்கை ஐசிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு நாள்தோறும் செய்கிற வேலை இது.

அதனால் நெட்வேர்க் ஐசியை அராவுவதை விட்டுவிடுங்கள். போட்டின் அடியில் ப்ரீஹீற்றர் வைத்து மெதுவாகச் சூடேற்றி, பிறகு மேலே ஹொட் எயார் பிடித்தால் பெரும்பாலும் கழன்றுவரும், போட்டும் பிழைக்கும். எப்போதாவது அராவியே ஆக வேண்டுமென்றால், ஒழுங்காக முகத்தில் பொருந்துகிற என்95 மாஸ்க் போட்டு, தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வாயால் ஊதுவது, ரப்பர் ஊதியால் அடிப்பது, காய்ந்த பிரஷால் தட்டுவது மூன்றும் கூடாது. தொழிற்சாலைகளிலும் இந்தக் கல்லைத் தண்ணீர் ஓடவிட்டுத்தான் வெட்டுவார்கள், காய்ந்த விளக்குமாறு உள்ளே வரவே வராது. அங்கே வேலை செய்கிறவர்களின் சிறுநீரில் ஆசனிக் அளவையும் பார்ப்பதுண்டு. அப்படி ஒரு பரிசோதனை நீங்கள் செய்ய நேர்ந்தால் அதற்கு முன் மூன்று நாலு நாள் நண்டு, இறால், மீன் சாப்பிடாதீர்கள். கடலுணவில் உடலுக்குக் கெடுதல் செய்யாத ஒரு வகை ஆசனிக் நிறைய இருக்கிறது, நந்திக்கடல் இறாலை இரவு சாப்பிட்டுவிட்டுக் காலையில் சோதித்தால் மொத்த அளவு எகிறி, வீணாகப் பயந்துபோவீர்கள். இப்போதைக்கு உங்களுக்கு அந்தச் சோதனை அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கடையில் எனக்குப் பெரிய கவலை ஈயம், அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த, 183 பாகையில் உருகுகிற சோல்டர் கம்பிதான் எங்கள் பக்கத்துக் கடைகளில் அதிகம் ஓடுகிறது. அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகி மூக்கால் போவது மிகக் குறைவு, கைவழியாக வாய்க்குப் போவதுதான் சங்கதி. கம்பியைப் பிடித்த கையால் பணிஸ் சாப்பிடுவது, தேத்தண்ணிக் கோப்பையை அதே மேசையில் வைப்பது, கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வது (இதைச் செய்யாத திருத்துநரை நான் அதிகம் கண்டதில்லை). ஈயம் நச்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இதுவரை போகலாம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு கிடையாது. ஆகவே மனைவி திருத்துகிற மேசைக்குக் கிட்ட இருக்க வேண்டாம். கணக்குக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ஆனால் அதை அந்த மேசையில் வைத்து எழுதாதீர்கள். நீங்கள் கடையில் ஒரு சேட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகுமுன் அதைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கை முகம் கழுவி, பிறகு வீட்டுப் படியேறுங்கள். கடைச் சேட்டை மற்ற உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள், இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்கட்டும். அங்கே தருகிற இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளைத் தவறாமல் போடச் சொல்லுங்கள், அவை குறைவாக உள்ள உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். முடிந்தால் ஈயமில்லாத கம்பிக்கு மாறுங்கள், உருக 217 பாகைக்கு மேல் வேண்டும், கை பழகக் கொஞ்ச நாள் செல்லும், விலையும் கூட. ஃபிளக்ஸ் புகைக்கு ஒரு சின்ன மின்விசிறியை யன்னல் பக்கம் இழுக்கிற மாதிரி வையுங்கள், முகத்துக்கு நேரே அடிக்கிற மாதிரி வைக்காதீர்கள். அந்தப் புகையால் ஆஸ்துமா வந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

இனி அந்த இரண்டு உரப்பை. எரிக்காதீர்கள். விறகு நெருப்பு 600 பாகையைச் சுலபமாகத் தாண்டும், அதாவது ஹொட் எயாரால் முடியாததை அது செய்யும்: பிசின் எரிந்து, சில்லு வெளியே வந்து, ஆசனிக் ஒட்சைட்டாகி வெள்ளைப் புகையோடு போகும். போட்டில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்திருக்கிற புரோமீன் சேர்வைகள் எரிந்தால் டயொக்சின் வகை நஞ்சுகள் உண்டாகும், ஈயமும் சாம்பலில் நிற்கும். பழைய வானொலி அனுப்பிகளின் போட்டுகள் பழைய இரும்போடு சேர்ந்து வந்து அதற்குள் கிடந்தால், வெள்ளைப் பீங்கான் மாதிரி அடி உள்ள பவர் டிரான்சிஸ்டர்களை உடைக்கவே கூடாது. சிலதில் அது பெரிலியம் ஒட்சைட்டு, அந்தத் தூள் நுரையீரலுக்குக் கலியம் ஆசனைட்டை விடக் கெட்டது.

இவ்வளவும் எதற்காக? ஒரு போனில் இருக்கிற தங்கம் ஏறக்குறைய 0.03 கிராம். ஒரு பவுன் 8 கிராம். ஒரு பொட்டும் வீணாகாமல் எடுத்தால்கூட ஒரு பவுனுக்கு 250 போனுக்கு மேல் வேண்டும், வீட்டு அசிட்டில் எடுக்கிறவர் நிறையவே வீணாக்குவார். அசிட் காசு, மச்சானின் நாள்கூலி, உடுப்பில் விழுகிற ஓட்டை எல்லாம் கழித்துப் பாருங்கள். போட்டுகளை உடைக்காமல், எரிக்காமல் அப்படியே, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள இலத்திரனியல் கழிவுச் சேகரிப்பாளருக்கு விற்கலாம். பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குள் வருகிற பழைய இரும்பு வியாபாரி கூட விலை சொல்லலாம், ஆனால் அவர் கொண்டுபோய் எங்கே எரிப்பார் என்று யாருக்குத் தெரியும்? போட்டோடு ஊதிப்போன பற்றரிகள் இருந்தால் பிரித்தெடுத்து, முனைகளில் ரேப் ஒட்டி, மணல் போட்ட தகரப் பேணியில் தனியாக வையுங்கள்.

கிணற்றைப் பற்றி நீங்கள் நேரே கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். வவுனியாப் பக்கம் காரணம் தெளிவில்லாத சிறுநீரக நோய் இருப்பதால் ஆசனிக் என்றாலே எங்கள் ஆட்களுக்கு அந்த ஞாபகம் வரும். அந்த நோய்க்கு ஆசனிக்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை, உங்கள் பத்துப் போட்டோடு அதை முடிச்சுப்போட வேண்டாம். கானில் இருந்தது நிலத்தில் சிந்தவில்லை என்றால் கிணற்றுக்கு ஒன்றும் வந்திருக்காது. சிந்தியிருந்தாலோ, எரித்த சாம்பல் கிணற்றடியில் கிடந்தாலோ, பாதித்த மேல்மண்ணைக் கையுறை போட்டு அள்ளிக் கனமான பிளாஸ்டிக் பையில் கட்டி அந்தக் கானோடு சேர்த்துக் கொடுங்கள். தண்ணீரை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதிக்கக் கொடுக்கும்போது, வழக்கமான சோதனையோடு ஆசனிக்கும் ஈயமும் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள், சும்மா கொடுத்தால் கிருமியும் உப்பும் மட்டும் பார்த்துத் தந்துவிடுவார்கள். குடிநீரில் ஆசனிக்குக்கு உலக சுகாதார அமைப்பு சொல்கிற எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு கிணற்றிலோ குழாயிலோ எடுங்கள். கொதிக்க வைத்தால் சரிவரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், ஆசனிக் அப்படியே நிற்கும். குளிக்க, உடுப்புத் தோய்க்க அந்தக் கிணற்றையே பாவிக்கலாம்.